தம்புராவைத் தொடாதே

கரும்பலகையின் இடது மூலையில், தேதிக்குக் கீழே, தினம் ஒரு ஆங்கிலச் சொல் எழுதியிருக்கும். மாவட்டம் வட ஆற்காடாக இருந்த காலத்தில் படித்தவர்களுக்கும் சரி, 1989இல் மாவட்டம் பிரிந்த பிறகு வந்தவர்களுக்கும் சரி, அந்த மூலை மறந்திருக்காது. பெரும்பாலான சொற்கள் பரீட்சைக்கு உதவின. ஒன்று மட்டும் எந்தக் கேள்வித்தாளிலும் வரவில்லை: அட்டெம்பர் (attemper), அதாவது ஒன்றை இன்னொன்றுக்கு இசையச் செய்தல். ஆனால் ஒரு சொல்லை எப்படிக் கற்க வேண்டும் என்பதற்கு அந்த நாற்பத்தைந்து நிமிட வகுப்பைவிட நல்ல மாதிரி கிடையாது. பள்ளி மலருக்காக அதைத்தான் எழுதி வைக்கிறேன்.

எழுத்துக்கூட்டலில் தொடங்குவார் ஆங்கில சார். ஏ, டீ, டீ, ஈ, எம், பீ, ஈ, ஆர். வகுப்பில் பாதிப் பேருக்கு ‘எம், பீ’ எழுதியதும் கை தானாக இன்னொரு டீ போட்டுவிடும். சொல் ‘அட்டெம்ப்ட்’ ஆகிவிடும். மீதிப் பேர் ஒரே டீயோடு நிறுத்துவார்கள். இரண்டாவது டீ எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அந்தப் பிழை வராது. லத்தீனில் ‘ஆட்’ (ad) என்றொரு முன்னொட்டு உண்டு. ஒன்றை நோக்கி, ஒன்றுக்கு என்று பொருள். அதன் கடைசி எழுத்து டி (d). பின்னால் வரும் மெய்யைப் பார்த்து அந்த டி தானும் அதுவாகவே மாறிக்கொள்ளும். அக்கார்ட் என்பதில் இரண்டு சீ, அஃபிக்ஸில் இரண்டு எஃப், அரைவில் இரண்டு ஆர், அசிஸ்டில் இரண்டு எஸ். எல்லாம் இந்த வழிதான்.

அடுத்த பீரியட் தமிழ். நன்னூல் புணரியல் நடந்துகொண்டிருந்த பருவம். நிலம், கடந்தான் இரண்டும் சேர்ந்தால் நிலங்கடந்தான். ககரத்தைக் கண்ட மகரம் ஙகரமாகிறது. கல்லும் தூணும் சேர்ந்தால் கற்றூண். தோன்றல், திரிதல், கெடுதல் என்று மூன்று விகாரம் ஒப்பித்தவனுக்கு ‘ஆட்’ அட்டாவது திரிதல் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. இசையச் செய்தல் என்று பொருள் தரும் சொல்லின் முதல் அசையே பக்கத்து எழுத்துக்கு இசைந்து நிற்கிறது என்பது தற்செயல்தான். ஆனாலும் ஞாபகத்தில் ஒட்டிக்கொள்ளும்.

உச்சரிப்பில் அழுத்தம் நடு அசையில்: அ-டெம்-பர். எழுத்தில் இரண்டு டீ இருந்தாலும் வாயில் ஒன்றுதான். இறந்தகாலத்தில் ஈ, டி (ed) சேர்க்கும்போது கடைசி ஆர் இரட்டிக்காது, ஏனென்றால் கடைசி அசையில் அழுத்தம் இல்லை. ரெஃபர் என்பதற்கு அழுத்தம் கடைசியில். அங்கே இரண்டு ஆர். ஆஃபர் என்பதற்கு முதலில், அங்கே ஒன்று. இந்த ஒரு விதி தெரிந்தால் நூறு சொல்லுக்கு அகராதி புரட்ட வேண்டாம்.

இனிப் பொருள். முன்னொட்டைக் கழற்றினால் மிஞ்சுவது டெம்பரரே. சரியான விகிதத்தில் கலத்தல், அளவோடு வைத்தல். டெம்பரேச்சர், டெம்பரமென்ட், டெம்பரன்ஸ் எல்லாம் இந்தக் குடும்பம். டெம்பரரி நேராக இதில் சேராது. அது காலத்தைக் குறிக்கும் டெம்பஸ் வழி வந்தது. ஆக, ஒன்றின் மிகுதியைத் தணித்து, இன்னொன்றின் அளவுக்குக் கொண்டுவருவது அட்டெம்பர். அகராதிகள் இதைப் பழைய வழக்கு, இலக்கிய வழக்கு என்று குறித்திருக்கும்.

தமிழில் என்ன? வகுப்பு முழுக்கச் சொன்னது ‘ஒத்துப்போ’. அது தவறு. ஒத்துப்போவது தன்வினை, இந்தச் சொல்லுக்குச் செயப்படுபொருள் இல்லாமல் வாக்கியமே நிற்காது. ‘நான் அட்டெம்பர் செய்தேன்’ என்று முற்றுப்புள்ளி வைத்தால் எதை, எதற்கு என்ற இரண்டு கேள்வி பாக்கி. (நாகசுரத்துக்குப் பக்கத்தில் ஒரே சுரத்தை விடாமல் பிடிக்கும் ஒத்து, பாவம், ‘ஒத்து ஊதுகிறான்’ என்று வசைச்சொல்லாகிவிட்டது, அதன் வேலை எவ்வளவு கடினம் என்று ஊதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.) இசைவி, இணக்கு என்பவை இலக்கணப்படி பொருந்தும், ஆனால் யாரும் பேசுவதில்லை. நம் பக்கத்துச் சொல் ஒன்று கையருகிலேயே இருக்கிறது: பதம். பதப்படுத்து, பதமாக்கு. பாகுக்குப் பதம், மண்ணுக்குப் பதம், தோலுக்குப் பதம். நம் ஊர் ஆங்கிலச் சமையல் குறிப்புகளில் தாளிப்புக்கு டெம்பரிங் என்று எழுதுகிறார்கள். அதுவும் இந்த வேரிலிருந்து வெகுதூரம் போய்விடவில்லை.

பாடத்தின் நடுப்பகுதி மிருதங்கம். இறைவணக்கத்துக்குத் தம்புராவும் மிருதங்கமும் இருந்ததால் அதையே எடுத்துக்கொண்டார். மிருதங்கத்தைத் தம்புராவுக்கு அட்டெம்பர் செய்ய வேண்டும். தம்புராவின் சட்ஜம் (‘ஸ’ என்னும் அடிப்படைச் சுரம்) பாடுகிறவருக்காக ஏற்கெனவே வைத்தாகிவிட்டது, அது நகராது. வலந்தலையின், அதாவது வலது முகத்தின், விளிம்பைச் சுற்றிய மூட்டில் (தோல் பின்னல் வளையத்தில்) 16 கண். மரக்குச்சியை மூட்டின் மேல் வைத்து, தோலின் பக்கமிருந்து கல்லால் தட்டினால் சுருதி ஏறும். அடியிலிருந்து மேலே தட்டினால் இறங்கும். ஒரு கண்ணை மட்டும் பலமாகத் தட்டினால் அந்த இடம் தனியாக ஏறி, தோலைச் சுற்றிலும் வெவ்வேறு நாதம் பேசும். எதிரெதிர்க் கண்களாகப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டிச் சுற்றி வர வேண்டும். இடது பக்கம் தொப்பிக்கு, தண்ணீரில் பிசைந்த ரவை நடுவில் ஒட்டும். ரவை கூடினால் நாதம் கீழே போகும், குறைந்தால் மேலே வரும்; காய்ந்தால் உதிரும். நம் ஊர் மே மாத வெயிலில் அது எவ்வளவு நேரம் தாங்கும் என்று சொல்ல வேண்டாம்.

இங்கேதான் சொல்லின் சூட்சுமம். அட்டெம்பர் ‘ஏ டு பி’ என்று எழுதும்போது மாறுவது ஏ; பி நிலையாக நிற்கிறது. மிருதங்கம் ஏ, தம்புரா பி. வாக்கியம் எழுதுகிறவன் முதலில் கேட்க வேண்டியது: எது தம்புரா? ரெக்கன்சைல் இப்படியல்ல, சண்டையிட்ட இருவரும் ஆளுக்கொரு படி இறங்கலாம், அதற்கு ‘வித்’ பொருந்தும். ஹார்மனைஸில் எல்லாக் குரலும் நகரலாம். அட்யூன் இதற்கு மிக நெருங்கிய சொல், அதுவும் ‘டு’ கேட்கும். ஆனால் அதில் தணிப்பு இல்லை, காதைத் தீட்டுவது மட்டும் உண்டு. அட்டெம்பருக்கும் ‘வித்’ வரும், கலக்கிற பொருளைச் சொல்லும்போது: கஞ்சியை மோரோடு, கோபத்தைக் கருணையோடு. ‘டு’ அளவுகோலைக் காட்டும், ‘வித்’ கலவையைக் காட்டும். இரண்டையும் மாற்றிப் போட்டால் வாக்கியம் இலக்கணப்படி நிற்கும், பொருள் சாய்ந்துவிடும். திருத்திய நோட்டுகளில் அதிகம் சிவப்பு விழுந்தது இந்த இடத்தில்தான்.

பாலாற்றங்கரைப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பளிச்சென்று புரிந்தது டேனரி. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம் என்று வகுப்பில் பாதி வீடுகளுக்குத் தோலோடு ஏதோ ஒரு உறவு. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிடும் பழைய முறையில், சுண்ணாம்பு நீக்கிய பச்சைத் தோலை முதலில் நீர்த்த பட்டைச்சாற்றில்தான் விடுவார்கள். பலமுறை பயன்பட்டுச் சத்து இறங்கிய சாறு. பிறகு படிப்படியாகக் கெட்டியான தொட்டிக்கு மாற்றுவார்கள். அவசரப்பட்டு முதல் நாளே கெட்டிச் சாற்றில் போட்டால் மேல்புறம் உடனே பதனாகி இறுகி, உள்ளே சாறு போக வழியை அடைத்துவிடும். வெட்டிப் பார்த்தால் நடுவில் வெள்ளையாக ஒரு கோடு, அந்தப் பகுதி பச்சையாகவே இருக்கும். மேலே சுருக்கம் விழும். சாற்றைத் தோலின் நிலைக்கு அட்டெம்பர் செய்யாத குற்றம். குரோம் முறையிலும் கதை அதே: உப்பும் அமிலமும் ஊட்டிய தோலில் குரோம் ஊறிய பிறகு, சோடா உப்பைக் கரைத்துத் தவணை தவணையாக ஊற்றுகிறார்கள். ஒரே மூச்சில் ஊற்றினால் குரோம் மேலேயே படிந்துவிடும். இந்த உதாரணத்தில் தம்புரா எது என்று கேட்டால் பதில் தோல். மாறவேண்டியது சாறு.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு எச்சரிக்கை சொல்லித்தான் முடித்தார்: விண்ணப்பத்திலோ அலுவலகக் கடிதத்திலோ இதைப் போடாதே, படிக்கிறவர் அச்சுப்பிழை என்று நினைப்பார். அது சரிதான். வினைச்சொல்லாக இது கிட்டத்தட்ட அலமாரியில் பூட்டிய பாத்திரம்.

பெயர்ச்சொல் மட்டும் உயிரோடு இருக்கிறது, வளைகுடாவில் மின் நிலையங்களில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவர்கள் தினமும் அதைச் சொல்கிறார்கள்: அட்டெம்பரேட்டர். ராணிப்பேட்டை பெல் (BHEL) ஆலையில் கொதிகலனின் துணைக்கருவிகளைப் பார்த்துவிட்டுப் போனவர்களுக்குப் புதிதல்ல. நீராவியை மேலும் சூடேற்றும் சூப்பர்ஹீட்டரின் இரண்டு கட்டங்களுக்கு நடுவில், மிகையாகச் சூடேறிய நீராவிக்குள் தண்ணீரைத் தெளிக்கும் கருவி அது. தெளித்த நீர் ஆவியாவதற்கான வெப்பத்தை நீராவியிடமிருந்தே எடுத்துக்கொள்வதால் சூடு இறங்குகிறது. தண்ணீர் கனிமம் நீக்கியதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் உப்பு நேராக டர்பைன் இறகில் படியும். தெளிப்புக்குப் பிறகு போதிய நீளம் நேர்க்குழாய் வேண்டும். துளிகள் ஆவியாகும் முன் வளைவில் மோதினால் சூடான உலோகம் திடீரெனக் குளிர்ந்து விரிசல் விடும். வெப்பமானியைத் தெளிப்புக்கு மிக அருகில் வைத்தால் அது நனைந்து, உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். கட்டுப்பாட்டுக் கருவி அதை நம்பித் தெளிப்பை மூடும். பின்னால் சூடு எகிறும்.

பல ஆலைகளில் இதே வேலைக்கு டீசூப்பர்ஹீட்டர் என்று பலகை எழுதியிருக்கும். அந்தப் பெயர் சூட்டைக் குறைப்பதை மட்டும் சொல்கிறது. அட்டெம்பரேட்டர் என்ற பெயருக்குள் ‘டு’ ஒளிந்திருக்கிறது: சுமை ஏறினாலும் இறங்கினாலும் நீராவிதான் மாறிக்கொள்ள வேண்டும், டர்பைன் கேட்கும் 540 டிகிரி மாறாது.