வேலூரின் நின்றுபோன பேருந்துத் தடங்கள்: வரைபடம் இதுவரை

வேலூரிலிருந்து ஒரு காலத்தில் புறப்பட்டு இன்று புறப்படாத பேருந்துத் தடங்களை ஒரே வரைபடத்தில் கொண்டுவரும் வேலை ஓரளவு உருவம் பெற்றுவிட்டதால், செய்த விதத்தை எழுதி வைக்கிறேன். மேற்கே ஒடுகத்தூர், தெற்கே கண்ணமங்கலம், கிழக்கே ஆற்காடு, வடக்கே பொன்னை என்று எல்லை வகுத்துக்கொண்டேன். இதற்குள் ஓடிய டவுன் பஸ்களும், இவ்வூர்களைத் தொட்டுச் சென்ற, மப்சல் எனப்படும் வெளியூர் வண்டிகளும் மட்டுமே கணக்கில் வரும். பாகாயத்துக்கும் காட்பாடிக்கும் இடையே ஓடும் 1, 2 எண் வண்டிகளைப் போல இன்றும் உயிரோடு இருக்கும் தடங்கள் வெளிர் சாம்பல் நிறத்தில் பின்னணியாக மட்டும் நிற்கின்றன.

கை பழகுவதற்காக முதலில் எடுத்துக்கொண்டது சென்னை டிராம். வேலூரில் டிராம் ஓடியதில்லை. ஆனால் நின்றுபோன போக்குவரத்து ஒன்றை வரைந்து பழக அதைவிட வசதியானது கிடையாது. 1895 மே 7 அன்று ஓடத் தொடங்கிய அந்த மின்சார டிராம் 1953 ஏப்ரல் 12 அன்று நின்றது. தண்டவாளம் தெருவிலேயே பதிந்திருந்ததால் பழைய நகர வரைபடங்களில் அது கோடாகவே வரையப்பட்டிருக்கிறது. கோட்டை, உயர் நீதிமன்றம், சென்ட்ரல் நிலையம் என்று இடம் மாறாத புள்ளிகளைப் பிடித்து, ஸ்கேன் செய்த பழைய படத்தை இன்றைய வரைபடத்தின்மேல் பொருத்திவிட்டால், மவுண்ட் ரோடு டிராம் அண்ணா சாலையில் சரியாக வந்து உட்கார்ந்துவிடும். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் படத்தைப் பொருத்தும் வேலை எனக்குக் கைவந்தது இந்தப் பயிற்சியால்தான்.

வேலூருக்கு வந்ததும் அந்த வசதி முழுவதும் போய்விட்டது. பேருந்து எல்லோரும் போகும் சாலையிலேயே போகிறது. நின்றபின் பெயர்த்தெடுக்கத் தண்டவாளம் இல்லை, அறுத்தெடுக்கக் கம்பி இல்லை. தொடங்கும்போது கொடியசைப்பு இருந்திருக்கலாம், நிற்கும்போது யாரும் வருவதில்லை. எனவே ஒரு தடம் எந்தச் சாலையில் போயிற்று, எப்போதுவரை போயிற்று என்ற இரண்டையுமே சில்லறைச் சான்றுகளிலிருந்துதான் திரட்ட வேண்டியிருந்தது.

சாலைக்கு அடிப்படையாக இந்திய நில அளவைத் துறையின் 57 பி/1 எண் கொண்ட பழைய தாளை வைத்துக்கொண்டேன். வேலூரும் சுற்றியுள்ள மலைகளும் அதற்குள் வந்துவிடும். கோட்டை அகழியின் மூலைகள், காட்பாடி சந்திப்பு, மலை உச்சிகளின் அளவைக் குறிகள் ஆகியவை நல்ல பிடிப்புப் புள்ளிகள். பாலாற்றின் கரையை மட்டும் நம்பக் கூடாது. பழைய தாள்கள் எவரெஸ்ட் என்ற புவி உருவ அளவின்படி வரையப்பட்டவை. அதை மென்பொருளில் குறிப்பிட்டுச் சொல்லாவிட்டால் சாலை முழுவதும் பக்கத்து நிலத்துக்குள் போய் நிற்கும்.

காலத்தைக் கணிப்பதற்குப் பயணச்சீட்டைப்போல் உதவியது வேறொன்றுமில்லை. முதலில் பார்க்க வேண்டியது போக்குவரத்துக் கழகத்தின் பெயர். வேலூரைத் தலைமையிடமாகக் கொண்ட பட்டுக்கோட்டை அழகிரி போக்குவரத்துக் கழகம் 1982இல் உருவானது. அதற்கு முன் விழுப்புரத்தின் தந்தை பெரியார் கழகம் இப்பகுதியைப் பார்த்துக்கொண்டது. 1997இல் தலைவர்களின் பெயர்கள் எல்லாக் கழகங்களிலிருந்தும் எடுக்கப்பட்டு, தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்ற பொதுப்பெயர் வந்தது. ஆகவே அழகிரி பெயரோடு ஒரு சீட்டு கிடைத்தால் அது 1982க்கும் 1997க்கும் இடைப்பட்டது என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம்.

பிற்காலத்து இயந்திரச் சீட்டுகள் வேறு வகையில் தொல்லை தருகின்றன. வெப்பத்தாளில் அச்சானதால் ஊர்ப்பெயர் வெளுத்துப்போய், சில சமயம் தொகை மட்டுமே எஞ்சுகிறது. அப்போதும் வழி இருக்கிறது. மப்சல் சாதாரணப் பேருந்துக்கு 2011 நவம்பர் உயர்வுக்குப் பிறகு கி.மீ.க்கு 42 காசு. 2018 ஜனவரியில் உயர்த்தி, சில நாள்களில் சற்றே குறைத்தபின் 58 காசு. 11 ரூபாய்ச் சீட்டு ஒன்று முதல் காலத்தைச் சேர்ந்ததென்றால் தூரம் ஏறத்தாழ 26 கி.மீ., இரண்டாவதைச் சேர்ந்ததென்றால் 19 கி.மீ. வேலூரிலிருந்து கிழக்கே போனால் முன்னது ஆற்காட்டை எட்டிவிடும், பின்னது மேல்விஷாரம் பக்கமே முடிந்துவிடும். ஸ்டேஜ் என்னும் கட்டண நிறுத்தங்களின் கணக்கில் கட்டணம் முழு ரூபாயாக்கப்படுவதால் ஓரிரு கி.மீ. முன்பின்னாக இருக்கும், ஆனாலும் எந்த ஸ்டேஜில் இறங்கினார்கள் என்று ஊகிக்க இது போதும். டவுன் பஸ்ஸுக்கு இந்தக் கணக்கு செல்லாது.

புகைப்படங்களில் வண்டியின் பதிவெண்ணையும் பார்ப்பேன். டிஎன் 23 வேலூரைச் சொல்லும், அதன் பின்வரும் ‘N’ என்ற ஆங்கில எழுத்து அரசு வண்டி என்பதைச் சொல்லும். எண் வரிசையைக் கொண்டு எந்தத் தலைமுறை வண்டி என்பதும் பிடிபடும். கல்யாண ஆல்பங்களில் மணமக்களுக்குப் பின்னால் தற்செயலாக நின்ற பேருந்துகள் எனக்கு நிறைய உதவியிருக்கின்றன. மணமக்களை விட்டுவிட்டுப் பேருந்தின் போர்டை உருப்பெருக்கிப் பார்ப்பதை வீட்டுக்காரர்கள் சற்று விசித்திரமாகத்தான் பார்க்கிறார்கள்.

தாளுக்கு அடுத்தது பெயின்ட். அணைக்கட்டு என்ற ஊருக்குப் போகும் சாலையிலிருந்து பிரியும் ஒரு சிற்றூரின் நிழற்குடையில், சுண்ணாம்புக்கு அடியில் ஏதோ எழுத்து இருப்பது போலத் தெரிந்தது. பகலில் ஒன்றும் படிக்க முடியவில்லை. மாலையில் சுவரோடு ஒட்டிக் கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்தபோது, எழுத்துகளின் விளிம்பு மேடு நிழல் விழுந்து எழும்பியது. இடப்பக்கம் ‘வேலூர்’ என்றும், அதன் கீழே 5.40, 8.15 என்று இரண்டு நேரங்களும், மூன்றாவதாக ஒரு 4 மட்டும் தெரிந்தன. மற்றவற்றின்மேல் ஒரு கட்சிச் சின்னம் இரண்டு பூச்சாக ஏறியிருந்தது. விளக்கை நாலு பக்கத்திலிருந்தும் பிடித்து எடுத்த படங்களைக் கணினியில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால், ஒரு படத்தில் தெரியாத எழுத்து இன்னொன்றில் தெளிகிறது. இப்போது எங்கே போனாலும் நிழற்குடையின் உட்சுவரைத்தான் முதலில் தடவிப் பார்க்கிறேன்.

அந்த 5.40தான் எனக்குப் பிறகு பெரிய திறவுகோலாக அமைந்தது. அந்த நேரத்துக்கு ஒரு சிற்றூரிலிருந்து வண்டி கிளம்ப வேண்டுமானால், அது முந்தைய இரவே அங்கே வந்து தங்கியிருக்க வேண்டும். ஓய்வு பெற்ற நடத்துநர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். “நைட் ஹால்ட்டை எப்ப எடுத்தாங்களோ அப்பவே அந்த ரூட்டு முடிஞ்சுது தம்பி. போர்டு மட்டும் அப்புறம் ரெண்டு மூணு வருஷம் ஓடும்” என்றார். எப்படி ஐயா என்றதற்கு அவர் விளக்கியதை என் நடையில் சொல்கிறேன்.

இரவு தங்கும் வண்டியில் விடிகாலையில் பூவும் காய்கறியும் பால் கேன்களும் ஏறி நேதாஜி மார்க்கெட் திறக்கும் நேரத்துக்கு வேலூர் வந்துவிடும். கூடவே முதல் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்களும் வருவார்கள். தங்கலை எடுத்துவிட்டால், பணிமனையிலிருந்து ஆள் இல்லாமல் ஊர்வரை ஓட்டிப் போய்த்தான் முதல் நடையை எடுக்க வேண்டும். அந்த வெற்று ஓட்டத்தைக் குறைக்க முதல் நடை ஏழு மணிக்குத் தள்ளப்படும். அதற்குள் மூட்டைக்காரர்கள் சரக்கு ஆட்டோவுக்கும், வேலைக்குப் போகிறவர்கள் ஷேர் ஆட்டோவுக்கும் மாறிவிடுவார்கள். பள்ளிப் பிள்ளைகள் இலவச பாஸில் ஏறுவதால் வண்டி நிறைந்தே வந்தாலும் பை நிறையாது. கழகத்தார் இ.பி.கே.எம். என்று சொல்லும் கி.மீ. வசூல் இறங்கும். மதிய நடை முதலில் போகும், பிறகு இரவுக் கடைசி நடை, கடைசியில் பள்ளி நேரத்து இரண்டு நடை மட்டும் மிஞ்சும். ஆள் பற்றாக்குறையான ஒரு நாளில் அதுவும் வராது. அப்புறம் வரவே வராது.

இதைக் கேட்டபின் என் அட்டவணையையே மாற்றி அமைத்தேன். ‘நிறுத்தப்பட்ட நாள்’ என்ற கட்டத்தை எடுத்துவிட்டு, ‘இரவுத் தங்கல் கடைசியாக இருந்ததற்கான சான்று’, ‘நாள் முழுதும் நடை இருந்ததற்கான கடைசிச் சான்று’, ‘எண் கடைசியாகக் காணப்பட்டது’ என்று மூன்று கட்டங்கள் வைத்தேன். வரைபடத்தில் இவை முறையே தடித்த கோடு, மெல்லிய கோடு, புள்ளிக் கோடு ஆகின்றன. பார்ப்பவருக்கு ஒரு தடம் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் எப்படி மெலிந்தது என்பது ஒரே பார்வையில் தெரிகிறது. நின்ற தேதியை மட்டும் எழுதியிருந்தால் எல்லாத் தடங்களும் ஏதோ ஒரு நாள் திடீரென்று மறைந்தது போலத் தோன்றியிருக்கும்.

நினைவுச் சான்றைப் பற்றி ஒரு எச்சரிக்கை. எந்த ஊரில் கேட்டாலும் “கொரோனாவுக்கு முன்னாடி வந்துட்டு இருந்துச்சு” என்பதே பதில். 2020 மார்ச் 24 மாலையோடு தமிழகம் முழுவதும் பேருந்து நின்றது உண்மை. திரும்பியபோது எல்லா நடையும் திரும்பவில்லை என்பதும் உண்மை. ஆனால் அதற்கு ஐந்தாண்டு முன்பே போய்விட்ட நடையையும் மக்கள் அந்த ஆணியிலேயே மாட்டிவிடுகிறார்கள். எனவே ஆண்டைக் கேட்காமல், பாலாற்றில் வெள்ளம் வந்த 2021க்கு முன்பா பின்பா, காட்பாடி–விழுப்புரம் ரயில் மீட்டர் கேஜாக இருந்தபோதா, மூத்த பெண் எந்த வகுப்புப் படிக்கும்போது என்று கேட்கிறேன். கடைசிக் கேள்விக்குத்தான் துல்லியமான பதில் கிடைக்கிறது. ஒருவரை ஒருவர் அறியாத இருவர் ஒரே மாதிரி சொன்னால் மட்டும் நினைவுச் சான்று அட்டவணையில் ஏறும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்தோடு ஓர் அலுவலகத்துக்கு மனுப் போட்டதில், இப்போது ஓடும் தடங்களின் பட்டியல் அழகாகத் தட்டச்சு செய்யப்பட்டு வந்தது. நான் கேட்டது ஓடாதவற்றை. மேல்முறையீட்டுக்கும் அதே பட்டியல்தான் வந்தது.

தடங்கள் மெலிந்ததற்கு வசூல் மட்டும் காரணமில்லை என்பது கோடுகளை ஒன்றாகப் பார்த்தபோது தெரிந்தது. ஊரே தன் போக்கிடங்களை மாற்றிக்கொண்டிருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி அடுக்கம்பாறையில் வந்ததும், 2007இல் ஸ்ரீபுரம் பொற்கோயில் திறந்ததும், வேலூருக்குத் தெற்கே மக்கள் போகும் திசையைத் திருப்பிவிட்டன. வண்டிகள் அங்கே கேட்கப்பட்டபோது அவை வேறெங்கிருந்தோ எடுக்கப்பட்டுத்தான் ஆக வேண்டும். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை அகலமானபின் ‘பைபாஸ் ரைடர்’ போர்டு மாட்டிய மப்சல் வண்டிகள் ஊர்களுக்குள் நுழையாமல் மேலேயே போய்விடுவதால், பழைய சாலையோரத்து ஸ்டேஜ்கள் பெயரளவில் நிற்கின்றன. இவற்றை நின்ற தடம் என்று சொல்ல முடியாது. வண்டி போகிறது, நிற்பதில்லை. இதற்கென்று தனி நிறம் கொடுத்திருக்கிறேன்.

மினி பஸ்கள் இன்னொரு சிக்கல். வேறு பேருந்து போகாத சாலைகளுக்காக வந்த திட்டம் அது. பெரிய பஸ் விட்ட இடத்தை மினி பஸ் பிடித்து, அதுவும் பிறகு விட்ட சாலைகள் இருக்கின்றன. முதலில் ஒரே அடுக்கில் வரைந்து பார்த்ததில் கோடு கோடாகக் குழம்பியதால், தனி அடுக்காகப் பிரித்துவிட்டேன். 2021 மே மாதம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்ததிலிருந்து, வெள்ளை போர்டு வண்டி வரும் சாலைக்கும் வராத சாலைக்கும் ஊரில் மதிப்பே வேறாகிவிட்டது. இழந்த நடையைப் பற்றிப் பெண்கள் இன்று பேசும் சூடு அதனால்தான் கூடியிருக்கிறது என்பது என் எண்ணம்.

புறப்படும் இடத்தையும் குறித்தாக வேண்டும். கோட்டைக்கு அருகிலுள்ள பழைய பேருந்து நிலையம், பாலாற்றுப் பக்கம் உள்ள புதிய நிலையம், காட்பாடியின் சித்தூர் பேருந்து நிலையம் என்று மூன்று இருக்கின்றன. புதிய நிலையத்தை இடித்துக் கட்டி 2022 ஜூன் 29 அன்று திறக்கும்வரை வண்டிகள் இடம் மாறி நின்றன. அந்த இடைக்காலத்துச் சான்று எதிலும் புறப்படும் இடத்தை நம்பாமல், முதல் பொது ஸ்டேஜிலிருந்தே கோடு வரையத் தொடங்குகிறேன்.

தற்போதைய நிலை: தெற்கே கண்ணமங்கலம் சாலையும் மேற்கே அணைக்கட்டு, ஒடுகத்தூர்ப் பகுதியும் ஏறக்குறைய முடிந்துவிட்டன. கிழக்கே ஆற்காடு வரை மப்சல் கோடுகள் உண்டு, டவுன் பஸ் கோடுகள் இல்லை. காட்பாடிக்கு வடக்கேதான் வேலை நிறைய. 1911 வரை வட ஆற்காட்டின் தலைநகரே சித்தூராக இருந்ததால் அப்பகுதிச் சாலைகளின் பழைய போக்கே வேறு. இன்றும் இரு மாநிலக் கழகங்களின் வண்டிகளும் அங்கே ஓடுகின்றன, எண்முறை ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. எல்லை தாண்டும் தடங்களைத் தனி அட்டவணையில் எண்ணில்லாமல், இரு முனை ஊர்ப்பெயர்களைக் கொண்டே பதிவு செய்யத் தொடங்கியிருக்கிறேன். திருவலம் பக்கம் ஒரு பெரியவர் தம் டிரங்குப் பெட்டியில் ஒரு கட்டு பழைய சீட்டு இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதைப் பார்த்தபின்தான் பொன்னைச் சாலைக் கோடுகளுக்கு நிறம் கொடுப்பேன்.