கறுப்புப் பொறிவண்டு கைலோகோரஸ்தானா? டர்பனில் நாங்கள் பார்த்து முடிவுசெய்யும் முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர வீட்டுத் தோட்டங்களில் எலுமிச்சை இலையைத் திருப்பினால் கறுப்பாகப் பளபளக்கும் பொறிவண்டு கண்ணில் படும். மூங்கில் தண்டிலும் இருக்கும். பார்த்தவுடன் கைலோகோரஸ் நிக்ரிட்டஸ் (கைலோகோரஸ் பேரினம், நிக்ரிட்டஸ் அதன் ஒரு சிற்றினம்) என்று எழுதிவிடுவது இங்கே பலருக்கும் பழக்கம். எக்சோகோமஸ் ஃபிளாவிபஸ் என்ற உள்ளூர் வண்டுக்கும் கறுப்பு முதுகு, மஞ்சளான மார்போரம் உண்டு. ஆகவே முதுகு நிறத்தைப் பார்த்துப் பேரினம் சொல்லக் கூடாது. அடிவயிறு, கால், முகம் மூன்றையும் பார்த்த பிறகே பெயர் எழுத வேண்டும்.

இலையோடு சேர்த்து எடுப்பது நல்லது. வண்டு எதைத் தின்றது என்பதும் பதிவாக வேண்டும். கைலோகோரஸ் முக்கியமாகக் கவசச் செதில் பூச்சிகளைத் தின்னும், அதாவது கடினமான மூடிக்கு அடியில் செடியோடு ஒட்டிச் சாறு உறிஞ்சும் சிறு பூச்சிகளை. ஆரஞ்சுத் தோப்புகளைக் கெடுக்கும் சிவப்புச் செதிலும் அந்த வகைதான். சீட்டில் வெறும் ‘எலுமிச்சை’ என்றால் போதாது. ‘சாட்ஸ்வர்த், எலுமிச்சை, இலையடி, சிவப்புச் செதில்’ என்று தேதியோடு எழுதுங்கள். கூட்டிலிருந்து புதிதாக வந்த வண்டு வெளிறிய செம்பழுப்பாக இருக்கும், பிறகுதான் கறுக்கும். அப்படி ஒன்று கிடைத்தால் இரண்டு நாள் செதில் பூச்சியோடு உயிராக வைத்திருந்து, அப்புறம் 70 சதவீத எத்தனாலில் போடுங்கள். அதே இலையில் கூட்டுப்புழு இருந்தால் அதையும் விடாதீர்கள். கிளைத்த முட்களோடு லார்வாத் தோல் வெடித்து, அதற்குள்ளேயே கூட்டுப்புழு உட்கார்ந்திருந்தால் கைலோகோரினி (கைலோகோரஸும் அதன் நெருங்கிய பேரினங்களும் சேர்ந்த) கூட்டத்துக்குள் வந்துவிட்டோம் என்று வைத்துக்கொள்ளலாம்.

பெரும்பாலான தவறு வண்டை அட்டையில் ஒட்டும்போதே நடக்கிறது. வண்டை வயிறு கீழாக வைத்து முழுப் பசையில் ஒட்டினால் பார்க்க வேண்டிய உறுப்பெல்லாம் பசைக்குள் போய்விடும். ஊசியில் குத்திய முக்கோண அட்டையின் முனையில் துளிப் பசை, அதுவும் மார்பின் வலப்பக்கம் மட்டும். இடப்பக்கம் சோதனைக்கு. தண்ணீரில் கரையும் பசையாக இருக்கட்டும். கூடுதலாக வண்டுகள் கிடைத்தால் ஒன்றை மல்லாத்தி ஒட்டுகிறோம்.

முதலில் முடி. கைலோகோரஸின் முதுகு மொட்டை, கண்ணாடி போல மின்னும். மாவுப்பூச்சி தின்னும் கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டு முழுக்க மென்முடி போர்த்தியது, ரைசோபியஸ் என்ற இன்னொரு பொறிவண்டும் அப்படியே. சாய்வாக வெளிச்சம் போட்டால் இந்த இரண்டும் உடனே விலகிவிடும். முன்மார்பின் முன்மூலையில் மட்டும் கொஞ்சம் முடி தெரிந்தால் அதற்காகக் கைலோகோரஸைக் கழித்துவிட வேண்டாம்.

அடுத்து முகம். வண்டை முன்பக்கமாகத் திருப்புங்கள். கண்களுக்கு முன்னால் நெற்றித் தகடு இரண்டு பக்கமும் அகன்று, கண்ணுக்குள் வெட்டிக்கொண்டு போய், உணர்கொம்பின் அடியை மறைத்திருக்கும். இது கைலோகோரினி முழுவதற்கும் பொது. எக்சோகோமஸும் இதில் அடக்கம் என்பதால் வேலை இங்கே முடியாது.

இனி கால். இதற்கு அவசரப்படக் கூடாது. செத்த வண்டு காலை மடித்து உடம்போடு ஒட்டிக்கொள்ளும். கணைக்காலின் மேல்பகுதி தொடையின் பள்ளத்துக்குள் ஒளிந்துவிடும். பார்க்க வேண்டிய பல் அங்கேதான் இருக்கிறது. காய்ந்த வண்டைச் சுடுநீரில் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு விட்டு 10 முதல் 15 நிமிடம் ஊறவைத்து, மெல்லிய ஊசியால் காலை வெளியே இழுங்கள். இழுபடாவிட்டால் இன்னும் ஊறட்டும், பலவந்தம் செய்தால் கால் முறியும். கணைக்காலின் வெளியோரத்தில், முட்டிக்குக் கொஞ்சம் கீழே பல் போலவோ மழுங்கிய கோணமாகவோ புடைப்பு இருந்தால் கைலோகோரஸ் பக்கம் சாயலாம். எக்சோகோமஸில் அந்த ஓரம் நேராக ஓடும்.

உணர்கொம்பில் கைலோகோரஸுக்கு 8 கணு. எக்சோகோமஸுக்குப் பொதுவாக 9 அல்லது 10. கைக்கண்ணாடியால் எண்ண முடியாது. கொம்பைக் கழற்றிக் கிளிசரின் துளியில் வைத்து, மூடுகண்ணாடி போட்டு 100 மடங்கில் பாருங்கள். கடைசிக் கணு மிகச் சிறியது, முந்தைய கணுவுக்குள் பாதி புதைந்திருக்கும். அடிக்கணுவோ நெற்றித் தகட்டுக்குள்ளேயே தங்கிவிடும். 7 என்று வந்தால் இந்த இரண்டு முனையில்தான் ஒன்று விட்டுப்போயிருக்கும்.

வயிற்றின் முதல் தகட்டில், பின்காலின் அடியிலிருந்து ஒரு மெல்லிய கோடு வளைந்து இறங்கும். கைலோகோரஸில் அது தகட்டின் பின்னோரத்தைத் தொட்டு அதோடு கலந்துவிடும். எக்சோகோமஸில் மறுபடி மேலே வளைந்து அரைவட்டமாகும். ஈரம் இருந்தால் மினுக்கம் இந்தக் கோட்டை மறைத்துவிடும். எத்தனால் நன்றாகக் காய்ந்தபின் ஒரே பக்கத்து வெளிச்சத்தில் பாருங்கள்.

இவ்வளவும் பேரினத்துக்கு மட்டும். தென்னாப்பிரிக்காவில் கைலோகோரஸ் டிஸ்டிக்மாவும் உண்டு. சிற்றினம் என்று கையெழுத்துப் போட ஆண் உறுப்பைப் பார்த்தாக வேண்டும். வயிற்றைக் கழற்றி, 100 மில்லியில் 10 கிராம் கலந்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஓர் இரவு வைக்கிறோம். வெதுவெதுப்பாகச் சூடாக்கினால் 10, 15 நிமிடம் போதும். கொதிக்க விடாதீர்கள். நேரம் கூடினால் ஆண் உறுப்பின் வளைந்த நீண்ட குழல் கண்ணாடி போலத் தெளிந்து கையில் துவண்டுவிடும், நுனியின் வடிவம் போய்விடும். இந்தக் கரைசல் தோலையும் கண்ணையும் சுடும், கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். பிறகு தண்ணீரில் இரண்டு முறை அலசி, கடைசியில் ஒரு சொட்டு வினிகர். குழி வில்லையில் கிளிசரின் விட்டு, ஆண் உறுப்பின் நடு மடலையும் அதன் இரு பக்கக் கைகளையும் அடியிலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் வரையுங்கள். ஒரு கோணத்துப் படம் மட்டும் இருந்தால் அடுத்தவர் ஒப்பிட முடியாது.

பார்த்து முடித்த உறுப்பைக் கிளிசரின் நிரப்பிய குட்டிக் குப்பியில் போட்டு, அதே வண்டின் ஊசியிலேயே குத்துங்கள். டர்பனின் கோடைப் புழுக்கத்தில் பூஞ்சணம் வேகமாகப் பிடிக்கும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் வைத்து, நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தித் திரும்ப வைக்க வேண்டும்.