மாமாவின் வாடகைப் பாத்திரக் கடையும் என் பெங்களூர் வேலையும்

திருமங்கலத்தில் எங்கள் தெருவில் "மார்க்கெட்டிங் வேலை தேடுறேன்" என்று சொன்னால், அடுத்த கேள்வி "வண்டி ஓட்டுவியா?" என்பதுதான். அவர்களைத் தப்புச் சொல்ல முடியாது. மதுரைப் பக்கத்து வேலை விளம்பரங்களில் அந்தச் சொல்லுக்கு அதுதான் பொருள். சொந்த பைக், ஆண்ட்ராய்டு போன், பெட்ரோல் அலவன்ஸ், டார்கெட் முடித்தால் இன்சென்டிவ். நான் தேடியது வேறு. ஒரு கம்பெனியின் விளம்பரம் யார் கண்ணில் படுகிறது, அதற்கு எவ்வளவு செலவாகிறது, எத்தனை பேர் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறார்கள் என்று கணக்குப் பார்க்கிற வேலை. 2023 மே மாதம் பி.பி.ஏ. முடித்தேன். 2024 ஜனவரியில் பெங்களூரில் சேர்ந்தேன். இடையில் எட்டு மாதம். எங்கள் பக்கம் இதே நிலையில் வீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்காக அதை எழுதுகிறேன்.

முதல் மூன்று மாதத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நௌக்ரி, லிங்க்ட்இன், இன்டீட் என்ற மூன்று வேலைத் தளங்களிலும் கணக்கு. தினமும் காலையில் ஒன்றிரண்டு இடத்துக்கு ஒரே ரெஸ்யூமே. ஒரு நோட்டில் எழுதி வைத்தேன்: 140 விண்ணப்பம், 9 பதில். அந்த ஒன்பதில் ஆறு பேர் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் ஆகச் சொன்னார்கள்.

அந்தச் சமயத்தில்தான் மதுரையில் ஒரு வேலைவாய்ப்பு கன்சல்டன்சிக்குப் போனேன். "பெங்களூரில் கம்பெனி ரெடியா இருக்கு, ரெஜிஸ்ட்ரேஷன் 3,500" என்றார்கள். அம்மாவிடம் கேட்டு 1,500 கட்டினேன், மீதி வேலை கிடைத்ததும் என்று பேச்சு. இரண்டு வாரம் கழித்து அந்த நம்பர் எடுக்கவில்லை. அந்த 1,500 அம்மா தீபாவளிச் சீட்டுக்கு எடுத்து வைத்திருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. ஆள் எடுக்கிற கம்பெனி நம்மிடம் காசு கேட்காது. ரெஜிஸ்ட்ரேஷன், டிரெயினிங், லேப்டாப் டெபாசிட், எந்தப் பெயரில் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

ஆகஸ்டில் சென்னையில் ஒரு இன்டர்வியூ. 'மார்க்கெட்டிங் ட்ரெய்னி' என்று போட்டிருந்தார்கள். பாண்டியன் எக்ஸ்பிரஸில் இரவு ஏறி விடிகாலையில் எழும்பூரில் இறங்கினேன். ஆபீஸ் என்று ஒரு மாடியறை, முப்பது பேர், எல்லாருக்கும் கைதட்டச் சொல்லிக் கொடுத்தார்கள். பதினோரு மணிக்கு, "இன்னைக்கு சீனியர் கூட ஃபீல்டுக்குப் போங்க" என்றார்கள். வீடு வீடாகத் தண்ணீர் சுத்திகரிப்புக் கருவி விற்க வேண்டும், சம்பளம் கமிஷன் மட்டும். அந்த வேலையைக் கேவலமாகச் சொல்லவில்லை, எங்கள் சித்தப்பா பத்து வருஷம் பை தூக்கி விற்றவர்தான். ஆனால் அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். மதியம் வைகை எக்ஸ்பிரஸில் ஏறித் திரும்பினேன். அதற்குப் பிறகு யார் போன் செய்தாலும் முதலில் மூன்று கேள்வி கேட்டேன். நிலையான சம்பளம் எவ்வளவு? நான் ஒரு நாளில் என்னென்ன செய்வேன்? யாருக்குக் கீழ் வேலை? மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலும் எதிர்முனையில் சத்தமே இருக்காது.

வைகையில் வரும்போது பக்கத்து சீட்டில் ஒரு அக்கா, சென்னையில் விளம்பர நிறுவனத்தில் இருப்பவர், என் கதையைக் கேட்டுவிட்டு, "நீ இதுவரைக்கும் ஒரு விளம்பரமாவது போட்டுப் பாத்திருக்கியாம்மா?" என்றார். இல்லை. மூன்று வருஷம் மார்க்கெட்டிங் பாடம் படித்தும் ஒரு விளம்பரம்கூடப் போட்டதில்லை. திண்டுக்கல் தாண்டும்வரை அந்தக் கேள்விதான் தலைக்குள் ஓடியது.

கூகுளில் விளம்பரம் போடத் தெரியும் என்பதற்கான கூகுள் ஆட்ஸ் சர்டிபிகேட் இலவசம் என்று அவர்தான் சொன்னார். ஸ்கில்ஷாப் என்ற கூகுளின் தளத்தில் படித்து அங்கேயே தேர்வு எழுதலாம். 75 நிமிடம், 80 சதவீதம் எடுத்தால் பாஸ், ஒரு வருஷம் செல்லும். வீட்டில் படிக்க முடியாது, டிவி ஓடும். புது நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் அந்த ஜூலையில்தான் திறந்திருந்தது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் போக்குவரத்துச் செலவும் இல்லை. பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கி இன்னொரு பஸ் மாறிப் போவேன். சுற்றிலும் குரூப் தேர்வுக்குப் படிக்கிறவர்கள். அந்த அமைதியில் ஒரு மாதம் உட்கார்ந்தேன். இரண்டாவது முறை எழுதிப் பாஸானேன்.

ஆனால் சர்டிபிகேட்டை ரெஸ்யூமேயில் சேர்த்தும் ஒன்றும் மாறவில்லை. எல்லாரிடமும் அது இருக்கிறது. அக்கா கேட்டது சர்டிபிகேட்டை இல்லையே.

எங்கள் தாய்மாமாவுக்கு உசிலம்பட்டி ரோட்டில் வாடகைப் பாத்திரக் கடை. அண்டா, தேக்சா, சாம்பார் வாளி, சேர், பந்தல் சாமான். ஆடியில் கடை காற்று வாங்கும், ஆவணியில் ஆள் பற்றாது, புரட்டாசியில் மறுபடி சும்மா. அந்தப் புரட்டாசியில் மாமாவிடம் போய், "மூவாயிரம் ரூவா குடுங்க மாமா, ஐப்பசி முகூர்த்தத்துக்குக் கூகுள்ல விளம்பரம் போட்டுப் பாக்குறேன்" என்றேன். அவர் எதுவும் கேட்கவில்லை. கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

முதலில் கடையைக் கூகுள் மேப்பில் ஏற்றினேன். அதற்கு வீடியோ கேட்டார்கள். தெரு, போர்டு, உள்ளே சாமான், கடை நம்முடையதுதான் என்பதற்கு அடையாளம், எல்லாம் நிறுத்தாமல் ஒரே ஓட்டத்தில் எடுக்க வேண்டும். மாமா வெள்ளைச் சட்டை போட்டு வந்து, சாவியைக் கேமராவுக்குக் காட்டி, ஷட்டரைத் தூக்கினார். ஷட்டர் பாதியில் மாட்டிக்கொண்டது, திரும்ப எடுத்தோம்.

பிறகு விளம்பரம். ஒரு நாளைக்கு 200 ரூபாய், திருமங்கலத்தைச் சுற்றி 25 கிலோமீட்டர். கூகுள் விளம்பரம் 2018-லிருந்து தமிழிலும் போடலாம். 'பாத்திரம் வாடகை', 'சேர் வாடகை', 'பந்தல் வாடகை' என்று கீவேர்ட், அதாவது எதைத் தேடினால் விளம்பரம் வர வேண்டும் என்ற சொற்கள், கொடுத்தேன். மக்கள் தமிழ் எழுத்திலும் தேடுவார்கள், இங்கிலீஷ் எழுத்தில் தமிழாகவும் தேடுவார்கள், அதையும் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில் அடிப்பார்கள். எல்லாவற்றையும் போட்டேன். மூன்று நாள் ஆயிற்று. 63 கிளிக், 600 ரூபாய் காலி, ஒரு போன்கூட வரவில்லை.

மூன்றாம் நாள் ராத்திரிதான் எந்தச் சொல்லைத் தேடியவர்களுக்கு விளம்பரம் போயிருக்கிறது என்ற பட்டியலைத் திறந்தேன். 'திருமங்கலம் வீடு வாடகைக்கு', 'ஒத்திக்கு வீடு', 'வாடகை ஒப்பந்தம் மாதிரி'. பட்டியல் முழுக்க வீடு. நான் கீவேர்டை பிராட் மேட்சில் விட்டிருந்தேன். அதாவது, 'வாடகை' என்பதை ஒட்டிய எந்தத் தேடலுக்கும் காட்டு என்று கூகுளிடம் சொல்லியிருக்கிறேன். வீடு தேடினவர் மாமாவின் அண்டாவைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார், ஒவ்வொருவருக்கும் ஒன்பது பத்து ரூபாய் நம் கணக்கில்.

காலையில் மாமாவிடம் போய்ச் சொன்னேன். அழுகை வந்துவிட்டது. "ஏந்தாயி, ஆறுநூறு போனாப் போகுது. எதுனால போச்சுன்னு தெரிஞ்சுச்சுல்ல? அத அடைச்சுட்டு மேக்கொண்டு பாரு" என்றார்.

ஃபிரேஸ் மேட்சுக்கு, அதாவது நான் கொடுத்த சொற்றொடரின் பொருள் இருக்கும் தேடலுக்கு மட்டும் காட்டும் முறைக்கு, மாற்றினேன். 'வீடு', 'ஒத்தி', 'ரூம்', 'ஒப்பந்தம்' எல்லாவற்றையும் நெகட்டிவ் கீவேர்டாகப் போட்டேன், அந்தச் சொல் இருந்தால் விளம்பரம் வராது. அடுத்த பதினொரு நாளில் 2,200 ரூபாய் செலவு, 22 போன், 7 ஆர்டர். ஒன்று திருப்பரங்குன்றத்தில் கல்யாணம், 400 சேர். மீதி 200 ரூபாயை மாமாவிடம் கொடுத்தேன்.

இதை ஒரே பக்கத்தில் எழுதினேன். வீணான 600-ஐ விட்டுவிட்டால் ஒரு போனுக்கு 100 ரூபாய் என்று அழகாகச் சொல்லலாம். சேர்த்தே எழுதினேன்: 127. கீழே, 600 எப்படிப் போனது என்று நான்கு வரி.

அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு வேலைத் தளங்களை விட்டேன். பெங்களூரில் சின்ன விளம்பர ஏஜென்சிகளாகப் பார்த்து, அவர்கள் தளத்தில் இருக்கும் மெயிலுக்கு நேரடியாக அனுப்பினேன். முதல் வரியிலேயே 'இரண்டு வாரத்தில் பெங்களூர் வந்துவிடுவேன்' என்று போட்டேன். ஊரைப் பார்த்ததும் 'வருவாளா' என்ற சந்தேகத்தில்தான் பல பேர் ஒதுக்கிவிடுகிறார்கள். 31 மெயில், 6 பதில். 140-க்கு 9 வந்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள், அதுவும் இந்த ஆறும் உண்மையான வேலை.

ஒரு இடத்தில், ஒரு மாதத்துக்கான சோஷியல் மீடியா பதிவுகள் முழுவதையும் 'டெஸ்ட்' என்ற பெயரில் என்னை எழுத வைத்து வாங்கிக்கொண்டார்கள். நான்கு நாள் உழைத்தேன், பிறகு பதிலே இல்லை. இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிகிற டெஸ்ட் நியாயமானது. அதற்கு மேல் கேட்டால் கூலி கேளுங்கள்.

எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் 22 பேர் கொண்ட ஒரு ஏஜென்சி நேரில் வரச் சொன்னது. இங்கிலீஷ்தான் பயம். பாஸாகிற அளவு எழுதுவேன், பேசியதில்லை. மாடிக்குப் போய், மாமா கடைக் கதையை இங்கிலீஷில் சொல்லி போனில் பதிவு செய்து கேட்பேன். தினமும் பத்து நிமிடம், இருபது நாள். மற்றதை விட்டுவிட்டு அந்த ஒரு கதையை மட்டும் பழகினேன்.

டிசம்பரில் மாட்டுத்தாவணியிலிருந்து ராத்திரி பஸ். தனியாக அனுப்ப மாட்டேன் என்று அப்பாவும் ரைஸ் மில்லில் லீவு போட்டு வந்தார். விடியற்காலை மடிவாளாவில் இறங்கினோம், குளிர் எலும்புக்குள் போனது. ஊர்க்காரர் ஒருவர் வேலை பார்க்கும் மெஸ்ஸில் குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு போனேன். அப்பா எதிர்த்த டீக்கடையில் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தார்.

கேள்வி கேட்டவர் ஹுப்பள்ளிக்காரர். படிப்பைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. என் பக்கத்தை எதிரில் வைத்து, "இந்த 600 முதல் நாளே ஏன் தெரியவில்லை?" என்றார். "பட்டியலை மூன்றாம் நாள்தான் திறந்தேன் சார். இப்போது முதல் மணி நேரத்திலேயே திறப்பேன்" என்று மெதுவாகச் சொன்னேன். அதிலிருந்து நாற்பது நிமிடம் வாடகைப் பாத்திரம் பற்றித்தான் பேச்சு. ஆடி மாதத்தில் விளம்பரத்தை நிறுத்துவாயா என்றார். நிறுத்த மாட்டேன், ஆவணிக் கல்யாணத்துக்கு ஆடியிலேயே விசாரிக்கத் தொடங்குவார்கள், பட்ஜெட்டைக் குறைத்து ஓடவிடுவேன் என்றேன். வெளியே வந்தபோது அப்பா நான்காவது டீயில் இருந்தார். நான்காம் நாள் மெயில் வந்தது.

மாதம் 22,000 சி.டி.சி., அதாவது எனக்காகக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு. அதில் கம்பெனி கட்டும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பங்கும் அடக்கம், நம் பங்கை வேறு பிடிப்பார்கள். கைக்கு வருவது 18,500 சொச்சம். ஆஃபர் லெட்டர் வந்ததும் கைக்கு எவ்வளவு என்று வாய்விட்டுக் கேளுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பி.டி.எம். லேஅவுட்டில் மூன்று பேர் அறை, சாப்பாட்டோடு 7,500, ஒரு மாத அட்வான்ஸ். பொங்கல் முடிந்து சேர்ந்தேன். ஜனவரிச் சம்பளம் பிப்ரவரி முடிவில் சேர்த்துத்தான் வரும் என்றார்கள். அந்த நாற்பது நாளைத் தாண்டியது அம்மா மகளிர் குழுவில் எடுத்த 20,000 கடனில்தான். இந்தத் தொகையை முன்கூட்டியே கணக்குப் போட்டு வைக்காமல் ஊரை விட்டுக் கிளம்பாதீர்கள்.

முதல் நாள் பஸ்ஸில் கண்டக்டர் ஆதார் கேட்டார். பெண்களுக்கு இங்கேயும் இலவசம், ஆனால் கர்நாடக முகவரி வேண்டும். என் கார்டில் திருமங்கலம். டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.

பிப்ரவரியில் ஒரு ராத்திரி மாமா போன் செய்தார். "தாயி, மாசிப் பச்சை வருது. குலசாமி கும்பிட ஊருக்கு ஊரு கிடா வெட்டுவாங்க, காது குத்துவாங்க. பெரிய அண்டா நாலு புதுசா எறக்கியிருக்கேன். அந்த விளம்பரத்தத் திரும்பப் போட்டு விடுறியா?" பக்கத்துக் கட்டிலில் தூங்குகிறவளை எழுப்பாமல் போன் வெளிச்சத்தில் கணக்கைத் திறந்தேன். 'வீடு', 'ஒத்தி', 'ரூம்' எல்லாம் தடுப்புப் பட்டியலில் அப்படியே இருந்தன. ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு, ஒரு நாளைக்கு 200 ரூபாய் என்று போட்டு ஓடவிட்டேன்.