வருகைப் பதிவேடு சொல்லாதது

இனப்பெருக்க நலம் சுகாதாரத் துறையின் பொறுப்பு, சேமிப்பும் கடனும் குடிநீரும் எங்கள் பொறுப்பு என்றுதான் சமூக வளர்ச்சிப் பணியில் சேர்ந்த புதிதில் நான் நினைத்திருந்தேன். சேமிப்புக் குழுவின் உறுப்பினர் ஒருவர் தொடர்ந்து மூன்று கூட்டங்களுக்கு வராதபோது, விதிப்படி அவர் பெயரில் அபராதம் எழுதினோம். பிறகு வீட்டுக்குச் சென்று விசாரித்தேன். வெகுநேரம் தயங்கிவிட்டு, அடி இறங்கியிருப்பதாகவும், தரையில் உட்கார முடியவில்லை என்றும், இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை என்றும் தாழ்ந்த குரலில் சொன்னார். சொல்லி முடித்ததும் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குக் கிளம்பினார்.

அவர் அடி இறங்கியிருப்பதாகச் சொன்னது கருப்பை இறக்கத்தை, அதாவது கருப்பை தன் இடத்திலிருந்து கீழே சரிந்துவிடுவதை. அது உள்ளவர்கள் பாரம் தூக்கக் கூடாது என்று மருத்துவர்கள் அறிவுறுத்துவார்கள். ஆனால் குழாய் தொலைவில் இருக்கும்வரை அந்த அறிவுரையை அவரால் எப்படிக் கடைப்பிடிக்க முடியும்? குழாய்க்கு இடம் குறித்த கூட்டத்தில் நானும் இருந்தேன். தண்ணீர் சுமப்பவர்களின் உடல்நிலையைப் பற்றி அங்கே ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

1994-இல் கெய்ரோவில் நடந்த மக்கள்தொகை மாநாட்டில் 179 நாடுகள் ஏற்றுக்கொண்ட செயல்திட்டம், இனப்பெருக்க நலத்தைக் கல்வியோடும் பெண்களின் உரிமையோடும் வறுமை ஒழிப்போடும் சேர்த்தே பேசியது. களத்தில் அது எப்படி நடக்கும் என்பதற்கு நேபாளத்தின் மக்வான்பூர் மாவட்டம் நல்ல சான்று. அங்கே உள்ளூர்ப் பெண் ஒருவர் வழிநடத்த, பெண்கள் மாதந்தோறும் கூடிப் பேறுகாலச் சிக்கல்களைத் தாங்களே அலசித் தீர்வு தேடினார்கள். சில குழுக்கள் அவசரத்துக்கென்று பொது நிதி சேர்த்தன, சில குழுக்கள் நோயாளியைச் சுமந்து செல்லத் தூக்குப்படுக்கைக்கு ஏற்பாடு செய்தன. குழுக்கள் இயங்கிய பகுதிகளில் பச்சிளங்குழந்தை இறப்பு விகிதம் மற்ற பகுதிகளைவிட 30 சதவீதம் குறைவாக இருந்ததை 2004-இல் வெளியான ஆய்வு காட்டியது. நிதி சேர்ப்பதும் போக்குவரத்துக்கு வழி செய்வதும் வளர்ச்சிப் பணியாளர்கள் அன்றாடம் செய்கிற வேலைகள்தாம் என்பதால், இந்தச் சான்றை நான் மிகவும் மதிக்கிறேன்.

இனப்பெருக்க நலத்தை எங்கள் பணியோடு இணைக்கும்போது ஓர் ஆபத்தும் உண்டு, அதை நான் மிகக் கடுமையாகப் பார்க்கிறேன். கடன் கொடுக்கும் கையே கருத்தடையைப் பற்றியும் பேசும்போது, அறுவை சிகிச்சை செய்துகொண்டால்தான் கடன் கிடைக்கும் என்ற எண்ணம் ஒரு பெண்ணுக்கு வந்துவிட்டால், அவர் தரும் சம்மதம் சம்மதமே ஆகாது. ஆகவே, கடன் முடிவுக்கும் கருத்தடைக்கும் தொடர்பில்லை என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். குழுவில் பொதுவான தகவல்களை மட்டும் பேசிவிட்டு, தனிப்பட்டவற்றைத் தனியிடத்தில் கேட்க வேண்டும். அண்டை வீட்டார் நிறைந்த கூட்டத்தில் எந்தப் பெண்ணும் தன் வெள்ளைப்படுதலைப் பற்றியோ கருக்கலைவைப் பற்றியோ வாய்திறக்க மாட்டார்.

அந்த அபராதத்தை ரத்து செய்தோம். இரண்டு கூட்டங்களுக்கு வராதவரின் வீட்டுக்கு ஒருவர் நேரில் சென்று வந்த பிறகே அபராதம் எழுதுவது என்று விதியையும் மாற்றினோம். கூட்டம் நடக்கும் இடத்தில் இப்போது சுவரோரமாக ஒரு பெஞ்சு கிடக்கிறது. அதில் உட்காருபவரிடம் யாரும் காரணம் கேட்பதில்லை.