அமிகோவின் மரக்கூடு ஒருவழியாக விறைத்துக்கொண்டது

காஸ்டின் அமிகோ என்ற பழைய ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் காரின் சிறு மாடல் செய்துகொண்டிருக்கிறேன். அதன் அடிக்கூடு (சேசிஸ்) இப்போது இரண்டு முனையைப் பிடித்து முறுக்கினாலும் அசைவதில்லை. 1/24 அளவு, கடையில் வாங்கிய கிட் கிடையாது. பழைய படங்களைப் பார்த்து நானே வரைந்து வெட்டியது.

ஃபிராங்க் காஸ்டின் டி ஹாவிலாண்ட் விமான நிறுவனத்திலிருந்து வந்த காற்றியக்க நிபுணர். லோட்டஸ், வான்வால் பந்தயக் கார்களுக்கு உடல் வடிவம் கொடுத்தவர். மார்கோஸ் (Marcos) என்ற கார் நிறுவனத்தின் பெயரில் பின்பாதியாக வரும் ‘cos’-உம் இவர்தான். 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பெட்ஃபோர்டுஷயரில் தன் பெயரிலேயே அமிகோவைச் செய்தார். ஃபைபர்கிளாஸ் உடலுக்கு அடியில் ஒட்டுப்பலகை (பிளைவுட்) கூடு, வாக்ஸ்ஹாலின் இரண்டு லிட்டர் எஞ்சின். பத்து கார்கூடத் தேறுவதற்குள் கதை முடிந்தது. பிளாஸ்டிக்கில் அடிக்கூடு செய்து பழுப்பு பெயின்ட் அடிக்கலாம்தான். ஆனால் அமிகோவை மரமில்லாமல் செய்வதில் என்ன இருக்கிறது?

தொல்லை கொடுத்தது கூட்டின் இரு பக்கமும் ஓடும் பெட்டிகளின் வளைவு. 0.4 மி.மீ. பிர்ச் பிளைவுட். மேல் அடுக்கின் ரேகை மடிப்புக் கோட்டுக்கு இணையாக ஓடினால் தாள் மாதிரி வளைகிறது; குறுக்கே ஓடினால் படக்கென்று வெடிக்கிறது. வெந்நீரில் ஊறவைத்து, அச்சில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு ஒரு ராத்திரி விடுகிறேன். பிரித்ததும் கொஞ்சம் விரியத்தான் செய்யும், அதனால் அச்சைத் தேவையைவிடச் சிறிய வட்டமாகவே கடைந்துகொள்ள வேண்டும். ஒட்டுவதற்கு எபாக்ஸி மட்டும். வெள்ளைப் பசையின் ஈரம் பட்டால் வளைத்ததெல்லாம் மறுபடி நெளிகிறது. சூப்பர் குளூ மரத்துக்குள் ஊறி, பிற்பாடு வார்னிஷ் போடும்போது கறையாகத் தெரியும்.

மூடிப்பலகை ஒட்டும் வரை கூடு துணி மாதிரி துவண்டது. நான்கு பக்கமும் அடைபட்ட பிறகு அதே பலகைதான், எடையும் கொஞ்சம்தான் கூடியது, ஆனால் விறைப்பு எங்கேயோ உயர்ந்துவிட்டது. திறந்த பெட்டி முறுக்கும், மூடிய பெட்டி முறுக்காது என்று எத்தனை முறை படித்திருந்தாலும் கையில் உணர்வது வேறு. மரத்தில் காரா என்று சிரிப்பவர்கள் கையில் இதைக் கொடுக்க வேண்டும்.

பிளைவுட் வாங்குபவர்களுக்கு: சுருட்டி அனுப்பும் கடை வேண்டாம். எனக்கு வந்தது குழாய்க்குள் சுருண்டு ஓரமெல்லாம் பிளந்திருந்தது. கேட்டால் மரம் அப்படித்தான் சார் என்கிறார்கள். இரண்டு அட்டைக்கு நடுவில் தட்டையாக வைத்து அனுப்புபவரிடம் கொஞ்சம் விலை கூடினாலும் பரவாயில்லை.

மூக்குப் பகுதிக்கான பால்சா கட்டையை இன்னும் உப்புத்தாள்கூடத் தொடவில்லை. அதற்குள் மனசு 1967 புரோடோஸ் ஃபார்முலா 2 பந்தய வண்டிக்குத் தாவிவிட்டது. அதுவும் காஸ்டினின் மரக்கூடுதான். மிச்சமிருக்கும் பிளைவுட் அதற்குப் போதும், சக்கரங்கள்தான் கிடைக்க வேண்டும். அந்தக் காலத்து ஃபார்முலா 2 டயர் இந்த அளவில் யாரிடமாவது உபரியாக இருந்தால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்ள என்னிடம் லோட்டஸ் சக்கரம் இரண்டு செட் இருக்கிறது.