மார்த்தாண்டம் பக்கம் ஒரு தேக்கு பார்க்கே தரை: தேய்த்ததும் பூசியதும்

குமரி மாவட்டத்தில் மரத்தரையில் கை வைப்பதற்கு முன் காலண்டரைப் பார்க்கவேண்டும். இடவப்பாதி மழை ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் ஐப்பசி மழை வந்துவிடும். தையிலிருந்து பங்குனி வரைதான் தோது. பழைய பூச்சைத் தேய்த்தெடுத்துப் புதிதாகப் பூசிய இந்த வேலை பிப்ரவரியில் நடந்தது. மாடி அறை, 200 சதுர அடி, ஐந்தைந்து சில்லாகச் சதுரம் சேர்த்த பழைய தேக்கு பார்க்கே, அதாவது சிறு மரச்சில்லுகளை ஒட்டிச் செய்த தரை.

மழை நாளில் மரம் ஊறிப் பருத்திருக்கும். அப்போது தேய்த்தாலும் தரை கண்ணாடி மாதிரிதான் வரும். ஆனால் கோடையில் சில்லுகள் சுருங்கும்போது இடுக்கில் அடைத்தது பொருக்குப் பொருக்காகக் கழன்று வரும். மரத்தில் வைத்த ஈரமானி 12 சதவீதத்தை ஒட்டிக் காட்டினால் தொடங்கலாம். 15 காட்டினால் ஜன்னலைத் திறந்துவிட்டு நாலு நாள் பொறுப்பதுதான் வேலை.

வாசற்படி ஓரத்தில் ஒரு சில்லைப் பெயர்த்து அளந்ததில் 8 மில்லிமீட்டர் கனம். ஒரு முழுத் தேய்ப்பு அரை முதல் ஒரு மில்லிமீட்டர் வரை தின்னும். ஆகவே இந்த வகைத் தரை ஆயுளில் சில தேய்ப்பைத்தான் தாங்கும். ‘இன்னும் கொஞ்சம்’ என்ற ஆசைக்கு இடமில்லை.

பிறகு விரல் மொட்டியால் தட்டிக்கொண்டே அறை முழுக்கப் போகவேண்டும். ‘டொப்’ என்று பொள்ளலாகக் கேட்கிற சில்லு ஒட்டுவிட்டது. அதை எடுத்து, அடியில் இருக்கும் பழைய பசையைச் சுரண்டி, புதிதாக ஒட்டி, செங்கல் பாரம் வைத்து ஒரு நாள் விடவேண்டும். துருத்தும் ஆணிகளை 3 மில்லிமீட்டர் உள்ளே இறக்கிவிடுங்கள். ஒரே ஒரு ஆணி முனை போதும், மெஷினில் போட்ட உப்புத்தாள் நீளவாக்கில் கிழிந்துவிடும்.

உப்புத்தாள் சுற்றிய உருளையால் தரையைத் தேய்க்கும் டிரம் மெஷின் திருவனந்தபுரத்திலிருந்து வாடகைக்கு வந்தது. 15 ஆம்ப் பிளக்கும் தடித்த வயரும் கட்டாயம். சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும்போது மோட்டார் திணறி, தரையில் அலை அலையாகத் தடம் விழும். பகலிலேயே முடித்துவிடுவது நல்லது. மெஷினை நகர்த்திக்கொண்டே உருளையை இறக்கவேண்டும், நகர்த்திக்கொண்டே தூக்கவேண்டும். நின்ற இடத்தில் ஒரு நொடி உட்கார்ந்தால் குழி. அந்தக் குழியை மறைக்க அறை முழுவதையும் அந்த ஆழத்துக்கு இறக்கவேண்டிவரும்.

பார்க்கேயில் எந்தத் திசையில் தேய்த்தாலும் பாதிச் சில்லுகளுக்கு அது குறுக்கு இழை. அதனால் முதலில் 40 நம்பர் தாளை மூலைவிட்டமாகப் போட்டோம், 60-ஐ எதிர் மூலைவிட்டமாக, 80-ஐ ஜன்னல் வெளிச்சம் விழும் வாக்கில். நம்பர் கூடக் கூடத் தாள் நைசாகும். ‘60 எதுக்கு, நேரா 80 போடலாம்’ என்று யாராவது சொல்வார்கள். 40 போட்ட கீறலை 80 அழிக்காது, மழுப்பத்தான் செய்யும். முதல் கோட்டுப் பூச்சு காய்ந்ததும் அத்தனை கீறலும் எழுந்து நிற்கும். ஒவ்வொரு நம்பருக்கும் முன் பென்சிலால் தரை முழுக்கக் கட்டம் கிறுக்கிவிடுங்கள். பென்சில் கோடு நிற்கும் இடத்தில் தாள் இன்னும் தொடவில்லை என்று அர்த்தம். இருட்டிய பின் டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்துப் பார்த்தால் மிச்சமும் தெரிந்துவிடும்.

சுவரோரத்துக்குச் சின்ன மெஷின், மூலைக்கு ஆசாரியின் சுரண்டி.

இடுக்கு அடைக்க 80-ல் வந்த தூளைத்தான் எடுக்கவேண்டும். 40-ல் வந்த தூளில் பழைய வார்னிஷ் கலந்திருக்கும், கறுத்துப் போகும். தூளை ஃபில்லர் திரவத்தில் இட்லி மாவுப் பதத்துக்குக் குழைத்து, தகட்டால் தரை முழுக்க இழுத்துவிட்டு, காய்ந்ததும் 100, 120. அதற்கு மேல் நைசாக்கினால் கோட்டு பிடிக்காது. தூள் பையை இரவில் வீட்டுக்குள் வைக்கக்கூடாது. வார்னிஷ் கலந்த தூள் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும்.

பூச்சு வகைகளில் மெலமைன் விலை குறைவுதான், ஆனால் அது அலமாரிக்கு. நடக்கிற தரையில் சீக்கிரம் கீறல் விழும். இங்கே போட்டது இரண்டு டப்பா கலக்கும் பி.யூ. (பாலியூரித்தேன்) பூச்சு. தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு. தின்னர் நனைத்த துணியால் துடைத்து, அது பறந்ததும் தாமதிக்காமல் முதல் கோட்டு போடவேண்டும். விட்டால் அங்கங்கே பிசுபிசுப்பு காயவே காயாது. கலவை விகிதத்தைக் கண்ணளவில் போடாமல் அளந்து போடுங்கள். இரண்டாவது டப்பாவில் இருக்கும் கடினப்படுத்தி காற்றின் ஈரத்தோடு சேர்ந்தால் குமிழி கிளம்பும். மேகமூட்டமான நாளில் டப்பாவைத் திறக்கவேண்டாம். ஒரு கோட்டுக்கு 2 லிட்டர், மூன்று கோட்டுக்கு 6. நடுவில் 220 தாளால் இலேசாக ஒரு தடவல். ஃபேனை நிறுத்தி, ஜன்னலோரம் தொடங்கி வாசலை நோக்கிப் பின்வாங்கவேண்டும்.

பத்மநாபபுரம் அரண்மனைத் தரை மாதிரிக் கறுப்பாக மினுங்கவேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. அது மரமே இல்லை, சுண்ணாம்பும் கரியும் சேர்ந்த பூச்சு. தேக்கில் அதைத் தேடக்கூடாது.

ஒரு நாள் கழித்து வெறுங்காலில் நடக்கலாம். நாலாம் நாள் கட்டிலைத் தூக்கி வைக்கலாம். இழுக்கக்கூடாது, காலடியில் கம்பளித் துண்டு ஒட்டியிருக்கவேண்டும். பாயும் ஈரத்துணியும் இரண்டு வாரத்துக்கு வேண்டாம். குத்துவிளக்கு வைக்கிற வீடானால் அடியில் ஒரு பித்தளைத் தாம்பாளம்.