சரித்திரக் கதையில் ஓர் இங்கிலாந்துத் தோட்டம்

இங்கிலாந்துத் தோட்டத்தைக் கதையில் வைப்பவர்கள் முதலில் சறுக்குவது தேதியில்தான். அங்கே பழைய நாட்காட்டியை விட்டு இன்றைய நாட்காட்டிக்கு மாறியதால், 1752 செப்டம்பர் 2-க்கு மறுநாள் செப்டம்பர் 14. ஆகவே 1740-ஆம் ஆண்டு நாட்குறிப்பில் மே 1 என்றிருந்தால் இன்றைய கணக்கில் மே 12. பூக்களை அதற்கேற்பத்தான் மலரவிட வேண்டும். ஆங்கில எழுத்தாளர் ஜான் ஈவ்லின் 1664-இல் வெளியிட்ட மாதவாரித் தோட்டக் குறிப்புகளுக்கு 10 நாள் கூட்டினால் போதும், அந்த நூற்றாண்டில் இரு நாட்காட்டிகளுக்கும் வித்தியாசம் அவ்வளவுதான்.

பிப்ரவரியில் வெள்ளரி விதைக்கிறார்களா? அப்படியானால் சூட்டுப் பாத்தி வேண்டும். புதுக் குதிரை லத்தியை வைக்கோலோடு குவித்து, ஓரிரு முறை புரட்டி, மூன்று நான்கு அடி உயரம் அடுக்குவார்கள். மேலே அரையடி மண், கண்ணாடி போட்ட மரச்சட்டம். முதல் கொதிப்பு அடங்குமுன் விதைத்தால் வேர் வெந்துவிடும். அதனால் ஒரு குச்சியைக் குவியலுக்குள் செருகி வைத்து, உருவி, கையால் தொட்டுப் பார்ப்பார்கள். கண்ணாடியைச் சற்றே தூக்கி முட்டுக் கொடுக்காவிட்டால் ஆவியிலேயே நாற்று அழுகும். (அந்தக் குச்சி ஒன்றே காட்சிக்குப் போதும், பத்துப் பூப்பெயர் வேண்டாம்.)

செடிக்கும் கருவிக்கும்கூட ஆண்டு பார்க்க வேண்டும். சீன விஸ்டீரியா என்னும் பூங்கொடி இங்கிலாந்துக்கு வந்தது 1816-இல். புல்வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை 1830-இல். அதுவரை நீண்ட பிடி அரிவாள்தான், அதுவும் பனி ஈரம் காயுமுன், விடியற்காலையில். காய்ந்த புல் அரிவாளுக்கு வளைந்துகொடுக்குமே தவிர அறுபடாது.